துணைக்கு ஆள் இருக்கு, பாஸ்போர்ட் இருக்கா?

கருணாபுரத்திலிருந்தும் கல்வராயன் மலை ஊர்களிலிருந்தும் கல்லூரிக்குப் போயிருக்கும் மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும்,



கள்ளக்குறிச்சிப் பக்கத்து வீடுகளில் ஒரு பெண் வெளியூர் போகக் கேட்டால் முதலில் வருகிற கேள்வி, "கூட யாரு போறா?" செலவு, தூரம், திரும்பும் நாள் எல்லாம் அதற்குப் பிறகுதான். சின்னசேலத்தில் ரயிலேறுவதானாலும் இதே கேள்வி. ஜெர்மனிக்கோ கொரியாவுக்கோ விமானம் ஏறுவதானாலும் இதே கேள்வி. பையன்கள் வீட்டில் கொஞ்சம் தாமதமாக வரும், ஆனால் வரும். "அந்தப் பொண்ணும் போகுதுப்பா" என்று சொல்ல ஒரு பெயர் கையில் இருந்தால் பாதிச் சம்மதம் அங்கேயே கிடைத்துவிடும்.

அப்படி ஒரு பெயரைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பருவம் வெளிநாட்டில் படித்துவிட்டு வரலாமா என்று யோசிக்கிற ஜோடிகளுக்குத்தான் இந்த மடல். பேச்சுக்கு இரண்டு தோழிகளை வைத்துக்கொள்வோம். ஒருத்திக்குக் கருணாபுரம், இன்னொருத்திக்கு வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூர். ஒரே கல்லூரி, ஒரே விடுதி அறை, இரண்டாம் ஆண்டு. இரண்டு வீட்டிலும் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவர்கள் இவர்கள்தான்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்குச் சில செய்திகள். கல்வராயன் மலையின் சேலம் மாவட்டப் பக்கத்தில் உள்ள கருமந்துறையில், அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த ஒரு மாணவி 2025இல் ஐஐடி மெட்ராஸில் இடம் பிடித்தார். தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2024 ஜூனில் பொறியியல் மாணவர்கள் 25 பேரை இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்குக் குறுகிய காலப் பயிற்சிக்கு அனுப்பியது. கனடாவின் 'மிடாக்ஸ் குளோபலிங்க்' திட்டத்தில் இந்திய இளங்கலை மாணவர்கள் 12 வாரம் அங்கே ஆய்வுப் பயிற்சிக்குப் போய்வந்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 'எராஸ்மஸ்' 1987இல் ஐரோப்பிய மாணவர்களுக்காகத் தொடங்கியது. இன்று அதன் ஒரு பிரிவு இந்தியக் கல்லூரி மாணவர்களையும் ஒரு பருவத்துக்கு அழைத்துக்கொண்டு, மாதம் 800 முதல் 900 யூரோ வரை உதவித்தொகையும் தருகிறது.

பரிமாற்றப் பருவம் என்பதன் அடிப்படை எளிது. மாணவர் தன் கல்லூரியை விட்டு விலகுவதில்லை. கட்டணத்தை இங்கேயே கட்டுவார். கூட்டாளிப் பல்கலைக்கழகம் தனியாகக் கல்விக் கட்டணம் வாங்காது. அங்கே எடுத்த பாடங்களின் கிரெடிட்டுகள் இங்குள்ள மதிப்பெண் பட்டியலில் வந்து சேரும். இரண்டு நிறுவனங்களுக்கும் ஒப்பந்தம் இருந்தால்தான் இது நடக்கும். ஆகவே 'எந்த நாடு' என்று தொடங்குவதைவிட, 'நம் கல்லூரிக்கு யாரோடு ஒப்பந்தம் இருக்கிறது' என்று தொடங்குவது புத்திசாலித்தனம். சுவரில் மாட்டியிருக்கும் ஒப்பந்தப் புகைப்படங்களை நம்ப வேண்டாம். அந்த ஒப்பந்தம் இன்னும் செல்லுமா, கடைசியாக எந்த ஆண்டு யார் போய்வந்தார்கள் என்று கேட்க வேண்டும். போய்வந்த ஆள் ஒருவர்கூட இல்லையென்றால் அது வெறும் காகிதம்தான்.

அடுத்து நாட்காட்டி. நம் தோழிகளின் கல்லூரியில் ஒற்றைப் பருவம் ஜூலை வாக்கில் தொடங்கி நவம்பர், டிசம்பரில் தேர்வோடு முடிகிறது. இரட்டைப் பருவம் ஜனவரி முதல் மே வரை. ஜெர்மனியில் குளிர்காலப் பருவத்து வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி வரை ஓடும். அதற்குப் போனால் இங்கே இரண்டு பருவங்களிலும் இடிக்கும். கொரியாவில் இலையுதிர் பருவம் செப்டம்பரில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிடுவதால் நம் ஒற்றைப் பருவத்தோடு ஏறக்குறையப் பொருந்தும். பொறியியல் படிப்பில் ஏழாம் பருவம் என்பது வளாக வேலைவாய்ப்பு நேர்காணல்களின் காலம். அந்த நேரத்தில் வெளிநாட்டில் இருப்பதற்குத் துணிச்சல் வேண்டும். மிச்சமிருப்பது ஐந்தாம் பருவம். விண்ணப்பம், தேர்வு, விசா எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஓராண்டு பிடிக்கும் என்பதால், ஐந்தாம் பருவத்தில் போக நினைப்பவர் மூன்றாம் பருவத்திலேயே வேலையைத் தொடங்க வேண்டும். நம் தோழிகள் இப்போது நிற்பது அந்த இடத்தில்தான்.

கிரெடிட் கணக்கையும் இப்போதே பார்த்துவிடுவது நல்லது. ஐரோப்பியக் கணக்கில் ஓராண்டுக்கு 60 கிரெடிட், ஒரு பருவத்துக்கு 30. இந்தியாவின் தேசிய கிரெடிட் கட்டமைப்பில் ஓராண்டுக்கு 40, ஒரு பருவத்துக்கு 20. அங்கே 6 கிரெடிட் வாங்கினால் இங்கே தோராயமாக 4. ஆனால் இந்த விகிதத்தைத் தோழிகளில் யாரும் தாங்களாக முடிவு செய்ய முடியாது. எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்று துறைத்தலைவர் கையெழுத்திட்ட தாள், புறப்படும் முன்பே இருவரிடமும் தனித்தனியாக இருக்க வேண்டும். திரும்பி வந்த பிறகு "அந்தப் பேப்பர் நம்ம சிலபஸில் இல்லையேம்மா" என்று யாராவது சொன்னால் காட்டுவதற்கு அதைத் தவிர வேறு எதுவும் உதவாது.

பாஸ்போர்ட்டுக்கு வருவோம். சாதாரண 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். பத்தாம் வகுப்பு தேறியவருக்குக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படாத வகையில் பாஸ்போர்ட் கிடைக்கும்; அதனால் பத்தாம் வகுப்புச் சான்றிதழை மறக்காமல் கொண்டுபோக வேண்டும். விடுதியில் தங்கிப் படிக்கிறவர்கள் முதல்வரிடம் வாங்கும் படிப்புச் சான்றைக் காட்டி விடுதி முகவரியிலேயே விண்ணப்பிக்கலாம். விடுமுறையில் மலைக்குப் போய்விட்ட நேரத்தில் காவல்துறைச் சரிபார்ப்புக்கு ஆள் வந்தால் மறுபடி அலைச்சல் என்பதால், எந்த முகவரி, எந்த மாதம் என்று பார்த்துச் செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு: இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் 'மு. செல்வி', ஆதாரில் 'செல்வி முருகேசன்', வங்கிப் புத்தகத்தில் வெறும் 'செல்வி' என்று மூன்று இடத்தில் மூன்று பெயர் இருக்கும். பாஸ்போர்ட் இனிஷியலை ஏற்காது. விரித்துத்தான் எழுத வேண்டும். குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விடலாம்தான், ஆனால் விமான டிக்கெட் தளங்களும் சில நாடுகளின் விசாப் படிவங்களும் அந்தக் கட்டத்தில் எதையாவது கேட்டு அடம்பிடிக்கும். அப்பா பெயரை அங்கே போட்டால் காரியம் நடக்கும். அப்புறம் வெளிநாட்டுப் பேராசிரியர் "மிஸ் முருகேசன்" என்று கூப்பிடும்போது அப்பா எங்கே என்று திரும்பிப் பார்க்காமல் இருந்தால் போதும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் எல்லா ஆவணங்களிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். விசா நேர்காணலுக்கு இரண்டு வாரம் முன்பு பெயர் மாற்ற முடியாது.

மலையிலிருந்து வரும் தோழிக்கு இன்னொரு தாளும் வேண்டும். தமிழ்நாட்டில் பழங்குடியினர் சாதிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் நிலையில்தான் வழங்குகிறார்கள். இந்த மலையில் வாழும் மலையாளி சமூகத்தைப் பட்டியல் பழங்குடியாக ஏற்பதும் மாவட்டத்தைப் பொறுத்தது; கள்ளக்குறிச்சியை உள்ளடக்கிய பழைய தென்னார்க்காடு மாவட்டம் அந்தப் பட்டியலில் இருப்பதால்தான் கல்வராயன் மலையின் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்கு அது பொருந்துகிறது. ஒரு பருவத்துக்கு இது எதற்கு என்று தோன்றலாம். பருவம் முடிந்து முதுகலைக்கும் வெளிநாடு போக ஆசை வந்தால், ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கான தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை அதில் கிடைக்கும். அந்தப் பணத்துக்கு முதல் படி இந்தச் சான்றிதழ்.

இனி துணை விஷயம். இங்கேதான் ஓர் உண்மைக் கதை வேண்டும்.

1914 மார்ச் 17 அன்று கணித மேதை சீனிவாச ராமானுஜன் இங்கிலாந்துக்குப் போகச் சென்னையில் 'நெவாசா' கப்பலேறினார். அந்தப் பயணத்துக்கான ஆயத்தங்கள் இன்றைய பட்டியல்களைவிடக் கடுமையானவை. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை தந்தது. கோட்டும் ஷூவும் வாங்கினார்கள். கத்தியும் முள்கரண்டியும் பிடித்துச் சாப்பிடக் கற்றுக்கொண்டார். குடுமியை எடுக்க வேண்டியிருந்தது; அதைப் பார்த்தால் அம்மா தாங்கமாட்டார் என்று அம்மாவையும் மனைவியையும் முன்னதாகவே கும்பகோணத்துக்கு ரயிலேற்றி அனுப்பினார். தேவையானதெல்லாம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

கேம்பிரிட்ஜில் அவருக்குக் கிடைத்த நண்பர்களில் ஒருவர் வங்காளத்து மாணவர் பி. சி. மஹலனோபிஸ், பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். இருவரும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நெடுந்தூரம் நடப்பார்கள். ஒருநாள், இரவில் குளிர் தாங்க முடியவில்லை, ஓவர்கோட்டைப் போட்டுச் சால்வையையும் சுற்றிக்கொண்டு படுக்கிறேன் என்றார் ராமானுஜன். போதிய கம்பளி இல்லையோ என்று மஹலனோபிஸ் அவரது படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கம்பளிகள் இருந்தன. ஆங்கிலேய வழக்கப்படி அவற்றை மெத்தையோடு சேர்த்து இழுத்துச் செருகி, மேலே விரிப்புப் போட்டு மூடியிருந்தார்கள். அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. மஹலனோபிஸ் செய்து காட்டினார்.

இந்தக் கதையைப் படிக்கிறவர்கள் வழக்கமாக ராமானுஜனின் வெகுளித்தனத்தைப் பேசிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நம் இரண்டு தோழிகள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். ராமானுஜனோடு கும்பகோணத்திலிருந்து ஓர் உயிர்நண்பனும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இருவருமே கம்பளிக்கு மேலே படுத்து நடுங்கியிருப்பார்கள். ஒரே ஊரில் வளர்ந்த இரண்டு பேருக்குத் தெரிந்தவை ஒன்றாக இருக்கும். தெரியாதவையும் ஒன்றாகவே இருக்கும். கருணாபுரத்துத் தோழிக்குப் புரியாத சலவை இயந்திரம் வெள்ளிமலைத் தோழிக்கும் புரியாது. பேராசிரியரின் மின்னஞ்சலில் உள்ள மரியாதையான மறுப்பை இருவரும் சேர்ந்தே சம்மதம் என்று படித்துவிடுவார்கள்.

ஊர்த்துணை புறப்படுவதற்கு உதவும், அழுகை வருகிற இரவில் உதவும். அறைக்குள் வந்து கம்பளியைத் தூக்கிப் பார்ப்பதற்கு வேறொருவர் வேண்டும். ஆகவே தோழிகளின் ஆயத்தப் பட்டியலில் ஒரு வரி கூட வேண்டும்: இருவரும் தனித்தனியாக, தமிழ் தெரியாத ஒரு நட்பை முதல் மாதத்துக்குள் தேடிக்கொள்வது. பல பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே ஏற்பாடு உண்டு. வரும் மாணவருக்கு உள்ளூர் மாணவர் ஒருவரை இணைத்துவிடுவார்கள். ஐரோப்பாவில் 1989 முதல் இயங்கும் எராஸ்மஸ் மாணவர் வலையமைப்பின் கிளைகள் பல நகரங்களில் இதைச் செய்கின்றன. விண்ணப்பப் படிவத்தில் அதற்கான கட்டத்தில் இருவரும் ஆளுக்கொரு டிக் போட வேண்டும். "எங்கள் இருவருக்கும் ஒருவரே போதும்" என்று எழுதக் கூடாது. வகுப்பில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தமிழிலேயே கிசுகிசுத்துக்கொண்டு நான்கு மாதத்தை ஓட்டிவிட முடியும். அப்படி ஓட்டினால் கள்ளக்குறிச்சியை விட்டு அவர்கள் கிளம்பவே இல்லை என்று பொருள்.

புறப்படும் முன்பே பேசி முடிக்க வேண்டிய சங்கடமான விஷயங்களும் இருக்கின்றன. முதலாவது, இடம். ஒரு கூட்டாளிப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கல்லூரியிலிருந்து ஒன்றிரண்டு பேருக்குத்தான் பெரும்பாலும் இடம் இருக்கும். அப்படியானால் உயிர்த்தோழியே போட்டியாளர். ஒருத்திக்குக் கிடைத்து இன்னொருத்திக்குக் கிடைக்காவிட்டால் கிடைத்தவள் போவாளா? இருவருக்கும் கிடைத்து ஒருத்தியின் விசா மட்டும் மறுக்கப்பட்டால்? விசாவை ஆளுக்கு ஆள் பார்த்துத்தான் தருகிறார்கள். நட்புக்கு அதில் கட்டம் இல்லை.

வீட்டுச் சம்மதம் தோழியின் பெயரில் வாங்கியது என்பது இந்த இடத்தில்தான் உறுத்தும். "அவளே போகலை, நீ எதுக்கு?" என்று ஒரே வாக்கியத்தில் ஓராண்டு உழைப்பு முடிந்துவிடும். எனவே சம்மதம் கேட்கும்போதே இரண்டாகக் கேட்க வேண்டும்: "அவளோடு போகிறேன். அவளால் வர முடியாமல் போனாலும் போகிறேன்." இரண்டாவது வரிக்குத் தலையாட்ட வைப்பது கடினம். அதற்குத் துறை ஆசிரியர் ஒருவர் வீட்டுக்கே வந்து பேச வேண்டியிருக்கலாம். கைபேசியில் விடுதியின் படத்தைக் காட்ட வேண்டியிருக்கலாம். ஏற்கெனவே போய்வந்த மூத்த மாணவியின் அம்மாவோடு இந்த அம்மாவைப் பேசவைக்க வேண்டியிருக்கலாம். அம்மாவிடம் அம்மா பேசினால் ஆகிற காரியம் வேறு யார் பேசினாலும் ஆகாது.

பணத்தில் நட்பு கெடும் என்பது ஊரறிந்தது. வெளிநாட்டில் அது இன்னும் வேகமாகக் கெடும். ஒரு மாணவர் ஜெர்மனியில் வாழ மாதம் 992 யூரோ வேண்டும் என்று அந்நாட்டு விசா விதி கணக்கிடுகிறது. ஓராண்டுக்கு 11,904 யூரோவை, மாதாமாதம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடிகிற முடக்குக் கணக்கில் காட்டச் சொல்கிறது. நம் பணத்தில் மாதம் ஒரு லட்சத்தை ஒட்டி வரும். உதவித்தொகை இருந்தால் அதையே காட்டலாம். ஆனால் பல இடங்களில் முதல் தவணை, போய்ச் சேர்ந்து வங்கிக் கணக்குத் திறந்த பிறகுதான் கைக்கு வரும். அதுவரை ஒரு மாதச் செலவுக்கான பணம் இருவரிடமும் தனித்தனியாக இருக்க வேண்டும். 'அவகிட்ட இருக்கு' என்பது பணம் ஆகாது.

வாடகை ஒப்பந்தத்திலும் இதே கதைதான். ஜெர்மனியில் மூன்று மாத வாடகை வரை முன்பணம் கேட்கச் சட்டம் அனுமதிக்கிறது. இருவர் பெயரிலும் ஒரே ஒப்பந்தம் போட்டால், ஒருத்தி பாதியில் ஊர் திரும்பினாலும் வீட்டுக்காரர் முழு வாடகையையும் மற்றவளிடம் கேட்கலாம். பல்கலைக்கழக விடுதியில் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு ஒப்பந்தம் என்பதே நட்புக்கும் பாதுகாப்பு. ஒரே தளத்தில் கிடைத்தால் சமையலைச் சேர்த்துக்கொள்ளலாம். அரிசி, பருப்பு, எண்ணெய்க் கணக்கை வாரம் ஒருநாள் தீர்த்துவிட வேண்டும். ஒரு யூரோ பாக்கியானாலும் எழுதி வைக்கலாம், கூச்சம் வேண்டாம்.

பெட்டியைப் பற்றிக் கொஞ்சம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் வெளிநாட்டு இறைச்சியையும் பால் பொருள்களையும் கொண்டுபோகத் தடை. ஆகவே அம்மா காய்ச்சிய நெய்யும் பால்கோவாவும் சுங்கத்தில் குப்பைக்குப் போகும். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமலே அனுமதிக்கப்படும் ஐந்து பழங்களில் தேங்காயும் வாழைப்பழமும் இருப்பது தமிழர்களுக்காகவே எழுதிய விதிபோல் தோன்றும். இன்னொரு வியப்பு: சொந்தச் சாப்பாட்டுக்கு மீன் 20 கிலோ வரை கொண்டுபோகலாம், காயவைத்த மீனும் அதில் அடக்கம். சட்டம் கருவாட்டை விட்டுவிடும். விடுதியின் பொதுச் சமையலறை விடுமா என்பது வேறு விஷயம். பருப்புப் பொடி, சாம்பார்ப் பொடி, புளிக்காய்ச்சல் போன்றவற்றுக்குப் பெரிய தொல்லை இல்லை. மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது.

பெட்டியைச் சேர்ந்தே அடுக்கலாம், ஆனால் அவரவர் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவரவருக்குத் தெரிய வேண்டும். புறப்படும் வாரத்தில் தெருவில் உள்ள எல்லோருக்கும் திடீரென்று வெளிநாட்டில் சொந்தக்காரர் முளைப்பார்கள். "எங்க அக்கா பையன் அங்கதான் இருக்கான், இதை மட்டும் குடுத்துடும்மா" என்று ஒட்டிய பார்சல் வரும். பிரிக்காத பார்சலை வாங்கவே கூடாது. மனக்கசப்பு வந்தாலும் சரி.

பரிசு கொண்டுபோக ஆசைப்படுகிறவர்களுக்குக் கையருகே நல்ல பொருள் ஒன்று இருக்கிறது. கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைக்கடக்கமான சிற்பம் ஒன்றைப் பேராசிரியரின் மேசையில் வைத்தால் ஊரைப் பற்றிய பேச்சு தானாகத் தொடங்கும்.

அந்தப் பேச்சுக்கும் ஆயத்தம் வேண்டும். அறைத்தோழி ஊர்ப் பெயரைக் கேட்பாள், கேட்டதும் தேடுபொறியில் போட்டுப் பார்ப்பாள். கருணாபுரம் என்று போட்டால் 2024 ஜூன் வரும். மெத்தனால் கலந்த சாராயம், 60க்கும் மேற்பட்ட சாவுகள், மருத்துவமனை வாசல்கள், அடுத்தடுத்து எரிந்த சிதைகள். கல்வராயன் மலை என்று போட்டால் சாராய ஊறல்களும் சோதனைகளும் வரும். உங்களில் சிலர் அந்த ஜூனில் அப்பாவை இழந்தவர்கள், சிலர் அம்மாவையும் சேர்த்து. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளின் பட்டப்படிப்பு வரையிலான செலவை அரசே ஏற்கும் என்று அப்போது சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது; அந்த உதவியில் படிக்கிறவர்களும் இந்த மடலைப் படிக்கக்கூடும்.

அறைத்தோழிக்கு என்ன சொல்வது என்பது முழுக்கச் சொல்பவரின் உரிமை. எல்லாவற்றையும் சொல்லலாம். "இன்று அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை" என்றும் சொல்லலாம். வேறு இடத்திலிருந்தும் தொடங்கலாம்: மூன்று ஜாகீர்தார்களின் பிடியிலிருந்த கல்வராயன் மலை 1976இல்தான் அரசின் கைக்கு வந்தது, அதன் பிறகு பிறந்தவர்களின் பிள்ளைகள் இன்று கல்லூரியில் இருக்கிறார்கள் என்று. ஆனால் தோழிகள் இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும்: ஒருத்தியின் வீட்டுக் கதையை மற்றவள் சொல்லக் கூடாது, அக்கறையில்கூட. வெளிநாட்டு விருந்து மேசையில் "இவளோட அப்பா..." என்று தொடங்குகிற அனுதாபம், கேலியைவிட ஆழமாகக் குத்தும்.

கடைசியாக, யாரும் பேச விரும்பாத ஒன்று. போன இடத்தில் இருக்கும்போது வீட்டில் சாவு நேர்ந்தால்?

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பின்னாளில் வானியற்பியலாளரான எஸ். சந்திரசேகர் 1930 ஜூலை 31 அன்று இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது வயது 19. அம்மா சீதாலட்சுமி நோயில் இருந்தார்; மகனைப் போகச் சொன்னவரும் அவரே. அடுத்த மே மாதம் அவர் இறந்தார், மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார். கப்பல் பயணம் வாரக்கணக்கான காலம் அது. திரும்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தக் கோடையில் சந்திரசேகர் ஜெர்மனியின் கோட்டிங்கனுக்குப் போனார். பிறகு 1932இல் கோபன்ஹேகனில் இயற்பியலாளர் நீல்ஸ் போரின் நிறுவனத்துக்குப் போய் அடுத்த ஆண்டு வரை தங்கினார். இன்றைய கணக்கில் அதுவும் ஒரு பரிமாற்றப் பருவம்தான். கேம்பிரிட்ஜில் தனிமையில் இருந்தவருக்கு அங்கே நண்பர்கள் வாய்த்தார்கள். அவர்களில் ஒருவர் லியோன் ரோசன்ஃபெல்ட். 1935இல் வானியலாளர் எடிங்டன் பொது அரங்கில் சந்திரசேகரின் ஆய்வை ஏளனம் செய்தபோது, சந்திரசேகர் கடிதம் எழுதி ஆதரவு கேட்டது ரோசன்ஃபெல்டிடம். ஆதரவும் வந்தது. அந்த ஆய்வையும் உள்ளடக்கிய நட்சத்திர ஆராய்ச்சிக்காக 1983இல் நோபல் பரிசும் வந்தது.

இன்று ஒரே நாளில் திரும்பிவிட முடியும், டிக்கெட்டுக்குப் பணம் இருந்தால். திரும்புவதா என்பதைச் செய்தி வந்த இரவில் முடிவு செய்ய முடியாது. வீட்டோடு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். பேசுவது அபசகுனம் என்று பாட்டி அதட்டுவார். அதட்டட்டும். அவசர டிக்கெட்டுக்கான தொகை தொடாமல் இருக்க வேண்டும். இடையில் போய்வந்தால் மறுபடி நுழைய விசா அனுமதிக்குமா என்று பார்த்து வைத்திருக்க வேண்டும். இன்னொன்று, இரண்டு குடும்பங்களும் ஒத்துக்கொள்ள வேண்டியது: கெட்ட செய்தி என்றால் முதல் அழைப்பு தோழிக்குப் போகட்டும். அதிகாலை மூன்று மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் மாலை போட்ட படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட, கதவைத் தட்டி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது நல்லது. கூடப் போன துணையின் மிகப்பெரிய பயன் ஒருவேளை இதுவாகவே இருக்கலாம். அதைப் பயன்படுத்தும்படி நேராமலும் போகலாம்.

ஊரே நிலைகுலைகிற ஆபத்துகளும் உண்டு. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டபோது தமிழ்நாட்டு மாணவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை மீட்டு வர வேண்டியிருந்தது. அப்படியொரு நேரத்தில் தேடுகிறவர்களுக்கு முதலில் வேண்டியது பெயர்ப் பட்டியல். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே இந்தியத் தூதரகத்தில் இருவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தின் முகவரியையும், தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறையின் எண்ணையும் கைபேசியில் மட்டுமல்லாமல் ஒரு தாளிலும் எழுதி வீட்டில் ஒட்டிவிட்டுப் போக வேண்டும். கைபேசி தொலைந்தால் தாள் பேசும்.

இவ்வளவையும் படித்துவிட்டு மலைப்பாக இருந்தால், வருகிற திங்கட்கிழமை மூன்று வேலை மட்டும் போதும். கல்லூரியின் வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகத்தில், அப்படி ஒன்று இல்லையென்றால் முதல்வர் அலுவலகத்தில், நடப்பில் உள்ள பரிமாற்ற ஒப்பந்தங்களின் பட்டியலைக் கேளுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரின் எழுத்துகளைச் சரிபாருங்கள். மாலையில் தோழியைக் கூப்பிட்டு, "உனக்குக் கிடைத்து எனக்குக் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். பதில் பிடிக்காமல் போகலாம். இன்னும் ஓராண்டு கையில் இருக்கிறது, பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.